மூன்று புலி, பதினைந்து ஆடு, ஐந்து காலியிடம்

1

தமிழில் அமைப்பியல் பேசத் தொடங்கிய நாளிலிருந்து ஓர் ஆட்டப் பலகை நம்மோடு கூடவே வந்துகொண்டிருக்கிறது. அது சதுரங்கப் பலகை. சசூரின் விரிவுரைகள் 1916-ல் நூலாக வந்தபோது மொழியை விளக்க அதில் சதுரங்கம் இருந்தது. குதிரை தொலைந்துபோனால் ஒரு பொத்தானை வைத்துக்கூட ஆடலாம். அதன் மதிப்பு மரத்திலோ தந்தத்திலோ இல்லை, மற்ற காய்களோடு அது கொண்டிருக்கும் உறவில் இருக்கிறது. தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' 1982-ல் வெளிவந்த பிறகு இந்த உவமை தமிழ்த்துறை வகுப்பறைகள் வரைக்கும் வந்து சேர்ந்தது. எம்.ஏ. படித்த காலத்தில் நானும் இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான்.

உவமையைப் பிழை என்று சொல்ல வரவில்லை. ஒரு கேள்வி மட்டும். மொழியை விளக்க ஓர் ஆட்டம் வேண்டியிருந்தபோது ஏன் சதுரங்கம் வந்தது? இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் காய்கள், ஒரே அதிகாரங்கள், எதிரெதிரே கண்ணாடி வைத்ததுபோல் தொடக்க நிலை. 'அமைப்பு' என்று கேட்டவுடன் நம் மனதில் எழும் இந்த ஒழுங்கான சமச்சீர் படம் எங்கிருந்து வந்தது? நம் சமூகம் அப்படியா தொடங்குகிறது?

வேறொரு ஆட்டத்தை வைத்துக்கொண்டு யோசித்தால் வேறு விஷயங்கள் தென்படலாம் என்பது என் அனுமானம். அந்த வேறு ஆட்டம் நமக்குத் தெரிந்ததுதான். ஆடு புலி ஆட்டம். பதினைந்தாம் புலி என்றும் சொல்வார்கள். இங்கே அதை ஒரு பிரதியாக வாசிக்க முயல்கிறேன். வாசிக்கும் இடம் வடசென்னை: ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர்க் கழிமுகம் வரை நீளும் துறைமுக, தொழிற்சாலைப் பட்டை. இடத்தைச் சொல்லாமல் ஆட்டத்தை வாசிக்க முடியாது என்பதும் இந்தக் கட்டுரையின் வாதங்களில் ஒன்று.

2

முதலில் ஆட்டத்தின் இலக்கணம்.

உச்சியில் ஒரு புள்ளி. அதிலிருந்து நான்கு கோடுகள் கீழ்நோக்கி விரிந்து இறங்குகின்றன. குறுக்கே மூன்று கோடுகள் முக்கோணத்துக்கு வெளியே இருபுறமும் நீண்டு, பக்கக் கோடுகளால் இணைகின்றன. அடியில் ஒரு கோடு. கோடுகள் சந்திக்கும் இடங்களை எண்ணினால் உச்சியில் 1, குறுக்குக் கோடு ஒவ்வொன்றிலும் 6, அடிக்கோட்டில் 4. ஆக 23 புள்ளிகள். ஒருவரிடம் 3 புலி, மற்றவரிடம் 15 ஆடு. ஆட்டுக்காரர் ஒவ்வொன்றாக ஆட்டை வைக்க வேண்டும். 15 ஆடும் களத்தில் உட்காரும் வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலியோ களத்துக்கு வந்ததிலிருந்தே நகரலாம். பக்கத்து ஆட்டுக்கு நேர்ப் பின்னால் இடம் காலியாக இருந்தால் தாண்டி வெட்டலாம். ஆட்டுக்கு வெட்டும் உரிமை கிடையாது. மூன்று புலிகளும் அசைய வழியில்லாமல் அடைபட்டால் ஆடு ஜெயித்தது. எத்தனை ஆட்டை வெட்டினால் புலி ஜெயித்தது என்பது ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு மாறும்.

இந்த ஆட்டத்துக்குப் பெட்டி கிடையாது. காசிமேட்டில் படகு போகாத நாட்களில் வலை கட்டும் கொட்டகைத் தரையில், ராயபுரத்தில் லாரிக்குக் காத்திருக்கும் நடைமேடையில், திருவொற்றியூரில் கோயில் மண்டபத்து நிழலில் இது ஆடப்படுவதைப் பார்த்திருக்கிறேன். கரித்துண்டோ சாக்பீஸோ போதும். புலிக்கு மூன்று சோடா மூடி, ஆட்டுக்குப் புளியங்கொட்டையோ ஜல்லியோ. தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளைகள் இதையே 'புலி மேக' என்பார்கள். ஆட்டம் முடிந்தால் காலால் தேய்த்துவிட்டு எழுந்து போய்விடலாம். காந்தம் பதித்த பயணச் சதுரங்கப் பெட்டிகள் கடையில் கிடைக்கின்றன. சட்டைப் பையில் அடங்கும் என்பதுதான் அவற்றின் பெருமை. ஆடு புலி ஆட்டத்தில் பையில் எடுத்துப்போக எதுவுமே இல்லை. விதி தலைக்குள் இருக்கிறது, பலகை தரையில் இருக்கிறது, காய் வழியில் கிடைக்கிறது. சொத்து இல்லாதவர்களின் ஆட்டம் இப்படித்தான் இருக்க முடியும்.

சசூரின் பொத்தான் இங்கே உவமையாக இல்லை, நடைமுறையாகவே இருக்கிறது. ஆனாலும் ஒரு வித்தியாசம். சசூரின் பொத்தான் தொலைந்துபோன ஒரு குதிரைக்குப் பதிலாள். இங்கே பதிலாளுக்கு முன்னால் அசல் ஒன்று இருந்ததே இல்லை.

3

பலகையாட்டங்களின் வரலாற்றை எழுதிய மர்ரே 1913-ல் சதுரங்கத்துக்கென்று ஒரு பெரும் வரலாற்றை வெளியிட்டார். பிறகு 1952-ல் மிச்சமிருக்கும் உலக ஆட்டங்களையெல்லாம் சேர்த்து இன்னொரு நூல். அதன் தலைப்பு 'சதுரங்கம் அல்லாத பலகையாட்டங்களின் வரலாறு'. ஐரோப்பாவின் நரியும் வாத்துகளும், நம்முடைய புலியும் ஆடுகளும் போன்றவற்றை 'வேட்டை ஆட்டங்கள்' என்று அதில் ஒரு வகையாக்கினார். அவருடைய உழைப்பை மதிக்கிறேன். ஆனால் 'அல்லாத' என்ற சொல்லின் அரசியலைத் தமிழ்நாட்டில் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்று மையமாகி, மற்றதெல்லாம் அது இல்லாதவை என்ற பெயரில் ஒரே மூட்டையாகக் கட்டப்படுகிறது.

ரொஷே கைவா ஆட்டங்களை வகைப்படுத்தியபோது (1958) போட்டி ஆட்டத்துக்கு ஓர் இலக்கணம் சொன்னார்: வாழ்க்கையில் இல்லாத சமவாய்ப்பைச் செயற்கையாக உண்டாக்கி, அதன் பிறகு மோதவிடுவது. சதுரங்கம் இதற்கு அச்சாகப் பொருந்தும். தாராளவாத அரசியல் சட்டமும் பொருந்தும். எல்லோரும் சமம் என்று முதல் வரியில் எழுதிவிட்டு ஆட்டத்தைத் தொடங்குவது. தோற்றவனைப் பார்த்து, உனக்கும்தானே பதினாறு காய் கொடுத்தோம் என்று கேட்பது.

ஆடு புலி ஆட்டம் இந்தப் பாசாங்கைச் செய்வதில்லை. சமமின்மையை அது முதலிலேயே தரையில் வரைந்து வைத்துவிடுகிறது. ஒருத்தனுக்குக் கொல்ல முடியும், ஒருத்தனுக்கு முடியாது. ஒருத்தன் முதலிலிருந்தே நடமாடலாம், ஒருத்தன் கடைசி ஆள் வந்து சேரும் வரை உட்கார்ந்த இடத்தில் இருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே பலகையில் இரண்டு வெவ்வேறு ஆட்டங்களை ஆடுகிறார்கள். அப்படியானால் புலிக்கே வெற்றி என்று முடிவுகட்டிவிட முடியுமா? நேபாளத்தில் இதன் உறவுக்கார ஆட்டமான பாக்சாலில் 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு. கணினி ஆய்வாளர்கள் அதை அலசி, இருவரும் பிசகில்லாமல் ஆடினால் யாருக்கும் வெற்றியில்லை என்று காட்டியிருக்கிறார்கள். அதிகாரம் சமமில்லை, ஆனால் முடிவு திறந்தே கிடக்கிறது. சமத்துவத்தைத் தொடக்கத்தில் பாவித்துக்கொள்வது ஒரு சிந்தனை. சமமின்மையை ஒப்புக்கொண்டு, அதற்குள் தோற்காமல் இருப்பது எப்படி என்று கேட்பது இன்னொரு சிந்தனை. இரண்டாவதற்கு நம் கோட்பாட்டு எழுத்தில் இன்னும் ஒழுங்கான பெயர் கிடையாது.

தெல்யூஸும் கத்தாரியும் 1980-ல் சதுரங்கத்தையும் 'கோ' ஆட்டத்தையும் எதிரெதிரே நிறுத்தினார்கள். சதுரங்கம் அரசின் ஆட்டம். காய்களுக்குப் பெயரும் தகுதியும் பிறவியிலேயே உண்டு. ராஜா ராஜாதான், சிப்பாய் சிப்பாய்தான். 'கோ'வின் காய்களோ பெயரற்ற வில்லைகள். இருக்கும் இடமும் சுற்றியிருப்பவர்களும்தான் அவற்றின் குணம். இந்த இருமை எதிர்வு தமிழில் தொண்ணூறுகளில் மிகவும் பிடித்துப்போனது. அரசுக்கு வெளியே ஒரு சமவெளி, அதில் அலையும் நாடோடி என்ற கனவு அன்றைய சிறுபத்திரிகைப் பக்கங்களில் நிறையவே உலவியது. ஆடு புலி ஆட்டம் இந்த இரண்டு பெட்டியிலும் அடங்காது. புலிகள் சதுரங்கக் காய்கள் மாதிரி. பிறவித் தகுதி உள்ளவை. ஆடுகள் 'கோ' வில்லைகள் மாதிரி. எந்த ஆடும் எந்த ஆடாகவும் இருக்கலாம். பெயருள்ளவனும் பெயரற்றவனும் ஒரே கோடுகளின் மேல் முகத்துக்கு முகம் நிற்கிறார்கள். அரசுக்கு வெளியே தப்பி ஓடச் சமவெளி ஏதும் கிடையாது. இருப்பது இந்த 23 புள்ளிதான். எண்ணூர்க்காரனுக்கு இதைக் கோட்பாடாகச் சொல்ல வேண்டியதில்லை. அவனுக்குக் கிழக்கே கடல், மற்ற திசையெல்லாம் மதில்சுவர்.

4

இனி காலியிடம்.

ஓர் ஆடும் வெட்டுப்படாமல் 15-ம் உட்கார்ந்துவிட்டால், 3 புலியையும் சேர்த்து 18 புள்ளிகள் நிரம்பியிருக்கும். மிச்சம் 5. ஆட்டத்தின் இரண்டாம் பாதி முழுக்க இந்த 5 காலியிடங்களைப் பற்றியதுதான். ஓர் ஆடு போனால் அது 6 ஆகும், இன்னொன்று போனால் 7. ஆட்டைக் கொல்வது புலிக்கு வெறும் கணக்கு இல்லை. கொல்லக் கொல்ல நடமாடும் இடம் பெருகுகிறது. புலிக்குக் காலியிடம்தான் உயிர். ஆட்டுக்குக் காலியிடம்தான் சாவு. புலி ஆட்டின் மேல் பாய்வதில்லை, ஆட்டுக்குப் பின்னால் இருக்கும் வெற்றிடத்தின் மேல்தான் பாய்கிறது. ஆடு நடுவில் இருந்த தடை, அவ்வளவுதான்.

எனவே நன்றாக ஆடத் தெரிந்தவன் ஆட்டை வைக்கும்போது புலி எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்க்க மாட்டான். 'பின்னாடி யார் இருக்கா?' என்று பார்ப்பான். பின்னால் ஆள் இருந்தால் புலி எவ்வளவு பக்கத்தில் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. தைரியம், வீரம், தலைமை என்று இலக்கியம் கொண்டாடும் குணங்கள் எதற்கும் ஆட்டுப் பக்கத்தில் வேலையில்லை. முன்னால் நிற்பவனுடைய உயிர் பின்னால் உட்கார்ந்திருப்பவனிடம் இருக்கிறது. ஐக்கியம் என்ற பெரிய சொல்லை இவ்வளவு சிக்கனமாக, ஒரே ஒரு விதியாகச் சுருக்கிச் சொன்ன வேறு பிரதி எனக்குத் தெரியாது.

இந்தப் பலகையில் 7 புள்ளிகள் தனி ரகம். உச்சி, வெளிச்செவ்வகத்தின் 4 மூலைகள், அடிக்கோட்டின் 2 நுனிகள். இந்த இடங்களில் எல்லாக் கோடுகளும் முடிந்துவிடுகின்றன. தாண்டி இறங்கப் பின்னால் புள்ளி இல்லை. ஆகவே அங்கே உட்கார்ந்த ஆட்டை யாராலும் வெட்ட முடியாது. விளிம்பு பாதுகாப்பானது என்கிறது பலகை. விளிம்புநிலை என்ற சொல்லை மந்திரம்போல் உச்சரித்த நம் விமர்சனத்துக்கு இது இனிப்பான செய்தியாகத் தோன்றலாம். அவசரப்பட வேண்டாம். 7 இடத்தில் 15 ஆடு அடங்காது. எல்லோரும் ஓரத்தில் ஒதுங்கிக்கொண்டால் நடுவெல்லாம் புலிக்கு. 8 ஆடாவது வெட்டுப்படக்கூடிய இடத்தில் போய் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். விளிம்பு ஒரு தங்குமிடம்தான், அரசியல் ஆகாது.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில் உரத் தொழிற்சாலை ஒன்றுக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்து, ஊர்கள் தூக்கத்தில் எழுந்து மூச்சுத்திணறி ஓடின. அதன் பிறகு மீனவ ஊர்களின் பெண்களும் ஆண்களும் வாரக்கணக்கில் ஆலை எதிரே உட்கார்ந்தார்கள். பத்திரிகைகள் வழக்கம்போல் அதிகாரிகளின் பேச்சுவார்த்தையை ஆடு புலி ஆட்டம் என்று வர்ணிக்கக்கூடிய தோரணையிலேயே எழுதின. ஆட்டத்துக்கு அங்கே உண்மையான பொருத்தம் வேறு இடத்தில் இருந்தது. உட்கார்வது ஒரு நடவடிக்கை என்பதை இந்த ஆட்டம் அறிந்திருக்கிறது. நகராமல் இருப்பதை நாம் செயலின்மை என்று நினைக்கிறோம். ஆட்டின் முதல் 15 முறையும் உட்கார்வதுதான். எங்கே, யாருக்குப் பின்னால், எந்த வரிசையில் என்பதில்தான் முடிவு இருக்கிறது.

5

இவ்வளவு சொன்ன பிறகு, ஆட்டத்தை அப்படியே சமூகத்தின் மேல் ஒட்டிவிட்டு, ஆடுகள் ஒன்றுசேர்ந்தால் வெற்றி என்று கட்டுரையை முடித்துவிடலாம். முற்போக்கு மேடைகளில் அப்படி முடிப்பார்கள். வடசென்னையின் வரலாறு அதற்கு இடம் கொடுக்கவில்லை. மூன்று இடங்களில் பலகை உடைகிறது.

முதல் உடைவு: ஆடுகள் ஒன்றுபோல் இல்லை. பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்து 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் ஒழுங்காக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று அதைப் பெருமையாகச் சொல்கிறோம். பி.பி. வாடியாவின் பெயரும் திரு.வி.க.வின் பெயரும் சொல்கிறோம். 1921 வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது. சாதி இந்துத் தொழிலாளர்களும் முஸ்லிம்களும் வெளியே நின்றார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் உள்ளே போனார்கள். புளியந்தோப்பில் சேரிக் குடிசைகள் எரிந்தன, மோதல், துப்பாக்கிச்சூடு. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்று முடிந்தது. நீதிக்கட்சித் தலைமை பழியை எந்தப் பக்கம் சுமத்தியது என்பதும், எம்.சி. ராஜா 1923-ல் அந்தக் கட்சியை விட்டு ஏன் வெளியேறினார் என்பதும் தனியாக எழுத வேண்டியவை.

ஆதிதிராவிடர்கள் காட்டிக்கொடுத்தார்கள் என்பது நம் தொழிற்சங்க வரலாற்றில் நீண்ட காலம் மெல்லிய குரலில் நீடித்த கதையாடல். இந்த ஆட்டத்தின் விதியை வைத்தே அதைக் கேள்வி கேட்கலாம். பின்னால் ஆள் இருக்கும் ஆட்டைத்தான் புலி வெட்ட முடியாது. சேரிக்காரனுக்குப் பின்னால் அன்றைக்கு யார் இருந்தார்கள்? வேலை நேரத்தில் தோழன், வேலை முடிந்தால் தீட்டு என்று இருந்த உறவில், அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது காலியிடம்தானே? சோடா மூடிக்கும் புளியங்கொட்டைக்கும் சாதி கிடையாது. ஆட்டம் ஆடுகளை ஒரே முகம் உள்ளவையாக ஆக்கிவிடுகிறது. அதுதான் அதன் அழகு, அதுதான் அதன் பொய். ஐக்கியத்தைப் பற்றிப் பேசும் எந்தக் கோட்பாடும் இந்தப் பொய்யை எங்கே மறைத்து வைத்திருக்கிறது என்று தேடிப் பார்ப்பது விமர்சகனின் கடமை.

இரண்டாவது உடைவு: புலி பலகையை விட்டுப் போய்விடும். ஆட்டத்தில் புலி அடைபட்டால் அடைபட்டதுதான். அதற்கு வேறு பலகை கிடையாது. ஆடுகளின் வெற்றி முழுக்க இந்த ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. மூலதனத்துக்கு இந்த நிபந்தனை இல்லை. முற்றுகையிட்டால் அது கதவைப் பூட்டிவிட்டு வேறு ஊருக்குப் போகும். பின்னி ஆலை 1996-ல் மூடப்பட்டது. எந்தத் தொழிலாளியும் அதைக் கட்டிப்போட்டு மூடவில்லை. பலகையில் ஆடுகள் மட்டும் மிஞ்சிய நிலைமையை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? விதியில் அதற்குச் சொல்லே கிடையாது. இந்தப் பட்டையில் மூடிய ஆலையின் மதிலை ஒட்டிக் குடியிருக்கும் குடும்பங்கள் அந்தச் சொல் இல்லாத நிலைமையில்தான் இரண்டு தலைமுறைகளாக இருக்கின்றன.

மூன்றாவது உடைவுதான் எனக்கு மிகக் கடுமையாகப் படுகிறது. கோடுகளையே அழித்துவிடலாம். வள்ளுவர் கல்லாமை அதிகாரத்தைத் தொடங்கும் குறளில், நிறைந்த நூலறிவில்லாமல் அவையில் பேசுவதை அரங்கு வரையாமல் வட்டாடுவதற்கு ஒப்பிடுகிறார். அரங்கு என்பது அங்கே கட்டம் வரைந்த களம். கட்டம் இல்லையென்றால் ஆட்டமே இல்லை. தோல்வி என்றுகூடச் சொல்ல முடியாது. கொசஸ்தலையாறு கடலைச் சேரும் எண்ணூர்க் கழிமுகத்தின் நீர்ப்பரப்பு, 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் பாதுகாக்கப்பட்ட பகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தது. பிறகு மாநிலத்தின் கையில் வேறொரு வரைபடம் புழங்கியது. அதில் கழிமுகத்தின் பெரும்பகுதியே இல்லை. 2017-ல் மீனவர்களும் சூழலியல் செயல்பாட்டாளர்களும் இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, சுமார் 6,500 ஏக்கர் எங்கே போயிற்று என்று கேட்டார்கள். ஆறு அங்கேயே ஓடிக்கொண்டிருந்தது. இறால் தடவும் பெண்கள் இடுப்பளவு நீரில் நின்றுகொண்டிருந்தார்கள். காகிதத்தில் மட்டும் அந்த இடம் தரையாகிவிட்டிருந்தது.

இது புலியின் பாய்ச்சல் இல்லை. ஆட்டை வெட்டவில்லை, ஆடு உட்கார்ந்திருந்த புள்ளியை வெட்டினார்கள். அதே ஆண்டில் டி.எம். கிருஷ்ணா பாடி, கபேர் வாசுகி எழுதி, எண்ணூரிலேயே படமாக்கப்பட்ட 'சென்னை புறம்போக்குப் பாடல்' இந்தப் புறம்போக்கு என்ற சொல்லைத்தான் கையில் எடுத்தது. யாருக்கும் தனியாகச் சொந்தமில்லாத, எல்லோருக்கும் பொதுவான இடத்தின் பெயர் எப்படி வசைச் சொல்லாயிற்று என்பது அதன் கேள்வி. ஆடு புலி ஆட்டத்தின் 5 காலியிடமும் புறம்போக்குத்தான். யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் அவற்றை வைத்துத்தான் எல்லாம் நடக்கிறது. அதிகாரத்தின் மொழியில் காலியிடம் என்றால் பயனற்றது என்று பொருள், அடுத்த கணத்தில் கையகப்படுத்தலாம் என்று பொருள். ஆட்டுக்காரனின் மொழியில் காலியிடம் என்றால் காவல் காக்க வேண்டிய இடம். ஒரே குறிப்பானுக்கு இரண்டு குறிப்பீடுகள். வடசென்னையின் அரசியலை இந்த ஒரு சொல்லின் சண்டையாகவே எழுதிவிடலாம்.

6

தமிழ்ச் சினிமா இந்த ஆட்டத்தை என்ன செய்தது என்றும் பார்க்க வேண்டும். 1977-ல் எஸ்.பி. முத்துராமன் இயக்கத்தில் கமலும் ரஜினியும் நடித்த படத்துக்கு 'ஆடு புலி ஆட்டம்' என்றே பெயர். அந்தத் தலைப்பும் அதற்குப் பிந்திய பத்திரிகைத் தலைப்புகளும் சேர்ந்து, இரண்டு தந்திரசாலிகள் ஒருவரையொருவர் ஏமாற்றுவது என்ற பொருளை இந்தச் சொல்லுக்கு நிலைநிறுத்திவிட்டன. இரண்டு பேரும் சமம் என்றாகிவிட்டது. அதாவது, ஆடு புலி ஆட்டத்தைச் சதுரங்கமாக மாற்றிவிட்டோம். ஆட்டின் எண்ணிக்கை, அதன் பெயரின்மை, அதன் காத்திருப்பு எல்லாம் பொருளிலிருந்து உதிர்ந்துபோயின.

பா. ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014) ஒரு சுவரைப் பற்றியது. இடம் யாருக்கு என்ற கேள்வியைக் காலியான சுவர்ப்பரப்பில் வைத்த படம். வெற்றிமாறனின் 'வட சென்னை' (2018) நாயகன் கேரம் ஆட்டக்காரன். கேரமுக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள உறவு உண்மையானது, ஆழமானது. அதே சமயம் அந்தப் படத்தின் அடியில் ஓடுவது சாலை விரிவாக்கமும் குப்பத்தைக் காலி செய்வதும். கேரமில் விரல் ஒருவனுடையது, குறி ஒருவனுடையது. இடம் பறிபோகும் ஊரின் கதையைத் தனியாள் திறமையின் ஆட்டத்தை வைத்துச் சொல்லும்போது, ஊர் பின்னணியாகவும் நாயகன் முன்னணியாகவும் பிரிந்துவிடுகிறார்கள். வடசென்னை என்றாலே கத்தி என்று பழகிய சினிமாவிடம் நான் கேட்பது இதுதான்: வெட்டத் தெரியாதவர்களின் சாமர்த்தியத்தை என்றைக்குப் படமெடுப்பீர்கள்?

2022-ல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது கூவம் கடல் சேரும் இடத்தில் நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் தீட்டினார்கள். 2024-ல் சென்னைப் பையன் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனபோது நானும் மகிழ்ந்தேன். சதுரங்கத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தப் பாலத்துக்கு வடக்கே கோட்டை, கோட்டைக்கு வடக்கே துறைமுகம், அதற்கும் வடக்கே நாம் பேசிக்கொண்டிருக்கும் ஊர்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. சென்னையின் மின்சாரமும் பெட்ரோலும் உரமும் மீனும் அங்கிருந்து வந்திருக்கின்றன. நகரம் தன்னைச் சதுரங்க நகரம் என்று அழைத்துக்கொள்ளும்போது, தொடக்கத்திலேயே சமமில்லாத இன்னொரு பலகை அதே நகரத்துக்குள் இருப்பதை யாராவது எழுத வேண்டும்.

இன்னொரு பக்கம், ஆடு புலி ஆட்டமே இப்போது பாரம்பரியப் பொருளாகக் கடைக்கு வந்துவிட்டது. துணியில் அச்சிட்ட பலகை, சுருக்குப் பை, மரத்தில் கடைந்த புலிகள். பிள்ளைகள் கைபேசியை விட்டு வந்தால் நல்லதுதான். இதைக் குறைசொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் கவனிக்கிறேன். துணிப் பலகையில் கோடுகள் அழியாது. கரித்துண்டால் வரைந்தவன் ஒவ்வொரு முறையும் பலகையை நினைவிலிருந்து மறுபடி வரைய வேண்டியிருந்தது. ஒரு கோடு விட்டுப்போனால் எதிராளி உடனே, 'டேய், இங்க ஒரு கோடு வரும், போடு' என்பான். இருவரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் ஆட்டம். வரைபடம் பொதுச் சொத்தாக இருந்தது. அதைச் சரிபார்க்கும் உரிமை எதிரே உட்கார்ந்தவனுக்கும் இருந்தது.

ஆட்டத்திலிருந்து அரசியலுக்கு எடுத்துவரக்கூடியது எது என்று கேட்டால், நான் வெற்றியை எடுத்துவர மாட்டேன். மூன்று உடைவுகளுக்குப் பிறகு அது நேர்மையாகாது. இரண்டு பழக்கங்களை எடுத்துவருவேன். ஒன்று, ஆட்டை வைக்கும் முன் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது. 1921-ல் யாரும் பார்க்காமல் விட்டது அதைத்தான். இரண்டு, ஆட்டம் தொடங்கும் முன் கோடுகளை எண்ணிப் பார்ப்பது. எண்ணூரில் 2017-ல் நடந்தது இந்த இரண்டாவது வேலை. இரண்டு வரைபடங்களைத் தரையில் விரித்து, இங்கே ஒரு கோடு இருந்தது, எங்கே என்று கேட்டார்கள். அதிகாரத்தின் முன் ஒரு பிரதியை அவ்வளவு நெருக்கமாக வாசித்தவர்கள் தமிழ் விமர்சகர்களில் எத்தனை பேர்? வாசிப்பு பற்றி இவ்வளவு எழுதிய நாம், அந்த மீனவர்களின் வாசிப்பை விமர்சனம் என்று அழைக்க ஏன் இன்னும் தயங்குகிறோம்?